அளப்பவர் யார்? அதபாஸ்கா எண்ணெய் மணலின் கணக்குகள்

2008ஆம் ஆண்டுக் குளிர்காலத்தின் கடைசியில், கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், அதபாஸ்கா ஆற்றோரம் உறைந்து கிடந்த பனியை ஓர் ஆய்வுக்குழு வெட்டியெடுத்து உருக்கிச் சோதித்தது. எரின் கெல்லி, டேவிட் ஷிண்ட்லர் உள்ளிட்டோர் அதில் இருந்தார்கள். ஷிண்ட்லர் நன்னீர் அறிவியலில் பெரிய பெயர். ஏரிகளைப் பாசி மூடுவதற்குப் பாஸ்பரஸே காரணம் என்பதை, முழு ஏரிகளையே சோதனைக்கூடமாக்கி நிறுவியவர். 1991இல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர். குழுவின் கேள்வி எளியது. எண்ணெய் மணல் சுரங்கங்களிலிருந்தும் ஆலைப் புகைபோக்கிகளிலிருந்தும் காற்றில் ஏறுவதெல்லாம் எங்கே வந்து இறங்குகிறது? வடக்கின் பனிக்காலம் இதைக் கண்டறிய வசதியானது. மாதக்கணக்கில் எதுவும் உருகாது, ஓடாது. விழுந்தது விழுந்த இடத்திலேயே அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கும்.

விடை 2009இல் வெளியானது. ஆலைகளிலிருந்து 50 கிலோமீட்டர் வட்டத்துக்குள் நான்கு மாதத்தில் ஏறத்தாழ 11,400 டன் துகள்கள் பனிமேல் படிந்திருந்தன. அவற்றிலிருந்த பல்வளைய அரோமேட்டிக் சேர்மங்களை வைத்துக் கணக்கிட்டால் அது 600 டன் பிட்டுமனுக்கு, அதாவது எண்ணெய் மணலிலுள்ள தார் போன்ற கனத்த எண்ணெய்க்கு, சமம். வசந்தத்தில் பனி உருகும்போது இவ்வளவும் ஒரே மூச்சில் ஓடைகளில் இறங்கும். மீன்கள் முட்டையிடுவதும் அந்தப் பருவத்தில்தான். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் கட்டுரை பாதரசம், ஈயம், ஆர்செனிக், காட்மியம் உள்ளிட்ட 13 தனிமங்கள் காற்று வழியாகவும் நீர் வழியாகவும் ஆற்றில் சேர்வதைக் காட்டியது.

அப்போது அந்த ஆற்றைக் கண்காணிக்க ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. 1997இல் தொடங்கி, பெரும்பாலும் எண்ணெய் நிறுவனங்களின் பணத்தில் நடந்த வட்டார நீர்நிலைக் கண்காணிப்புத் திட்டம் அது. கவலைப்படும்படியான பாதிப்பு எதுவும் இல்லையென்றே அது சொல்லிவந்தது. மாகாண அரசும் அதையே மேற்கோள் காட்டியது. ஷிண்ட்லர் குழுவின் தரவுகளுக்குப் பிறகு கூட்டாட்சி அரசு அமைத்த நிபுணர் குழு, நம்பத்தக்க கண்காணிப்பு முறையே அங்கு இல்லை என்று 2010இல் அறிக்கை தந்தது. இரு அரசுகளும் சேர்ந்து புதிய கண்காணிப்புத் திட்டத்தை 2012இல் அறிவித்தன. சுரங்கம் தொடங்கி அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எண்ணெய் மணலால் சூழல் கெடுகிறது என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை, நிறுவனங்கள் உட்பட. எவ்வளவு கெடுகிறது, எதுவரை பரவுகிறது, பழைய நிலைக்குத் திரும்புமா என்பவைதான் கேள்விகள். அவற்றுக்கு விடை சொல்லும் கணக்கேடு பெரும்பகுதியும் கெடுப்பவரின் மேசையிலேயே இருந்துவந்திருக்கிறது. வெளியாள் ஒருவர் அளவுகோலோடு உள்ளே போனபோதெல்லாம் பெரும்பாலும் ஏட்டு எண் உதைத்திருக்கிறது. அதபாஸ்காவைப் பற்றிப் படிக்கப் படிக்க, நச்சுப்பொருள்களின் பட்டியலைவிட இந்த அமைப்புதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

பொருளைப் பற்றிக் கொஞ்சம். ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணல் மூன்று படுகைகளாக ஏறத்தாழ 1,42,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு அடியில் கிடக்கிறது: அதபாஸ்கா, கோல்ட் லேக், பீஸ் ரிவர். எடையில் பத்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலாகவோ பிட்டுமன், மீதி மணலும் களிமண்ணும் நீரும். குளிர்நாளில் பிட்டுமன் கல்லாக இறுகும், கோடையில் கரும்பாகாய் இழுபடும். கிரீ, தெனே பூர்வகுடி மக்கள் இதை ஸ்ப்ரூஸ் மரப்பிசினோடு கலந்து தோணிகளின் மூட்டுகளை அடைத்தார்கள். 1719இல் வா-பா-சு என்ற கிரீ வணிகர் இதன் மாதிரியை ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் சாவடிக்குக் கொண்டுவந்து காட்டினார் என்பது ஏட்டில் இருக்கும் மிகப் பழைய பதிவுகளில் ஒன்று. மணலிலிருந்து பிட்டுமனை வெந்நீரால் பிரிக்கும் முறையை 1920களில் கார்ல் கிளார்க் செம்மைப்படுத்தினார். இடையில் ஒரு விபரீத யோசனையும் வந்தது: நிலத்தடியில் 9 கிலோடன் அணுகுண்டை வெடித்து அந்தச் சூட்டில் எண்ணெயை இளக்கி எடுக்கலாம் என்று 1958இல் ஓர் அமெரிக்க எண்ணெய் நிறுவனம் முன்மொழிந்தது. அரசுகள் அதைச் சிரித்து ஒதுக்கவில்லை. சில ஆண்டுகள் ஆலோசித்துவிட்டே கைவிட்டன. 1967இல் கிரேட் கனடியன் ஆயில் சாண்ட்ஸ் (இன்றைய சன்கோர்), 1978இல் சின்க்ரூட் என்று வணிகச் சுரங்கங்கள் பிறந்தன. இன்று நாளொன்றுக்கு 30 லட்சம் பீப்பாய்க்கு மேல் வெளிவருகிறது.

திறந்த சுரங்கத்தால் தோண்டக்கூடியது 4,800 சதுர கிலோமீட்டர் மட்டுமே. மற்றதெல்லாம் ஆழத்தில் இருக்கிறது, நீராவி செலுத்தித்தான் எடுக்க வேண்டும். ஆனால் அந்தச் சிறு பகுதி முழுவதும் ஃபோர்ட் மெக்மரிக்கு வடக்கே அதபாஸ்கா ஆற்றின் இரு கரையிலும் அமைந்துவிட்டது. ஆறு அங்கிருந்து வடக்கே அதபாஸ்கா ஏரிக்குப் போகிறது. வழியில் பீஸ்-அதபாஸ்கா டெல்டா, அதையொட்டி யுனெஸ்கோ உலக மரபிடமான வுட் பஃபலோ தேசியப் பூங்கா. அப்பால் ஸ்லேவ், மெக்கன்சி ஆறுகள், கடைசியில் ஆர்க்டிக் கடல்.

சுரங்கம் தோண்டுவதற்கு முதல் படி காட்டை வெட்டுவது, இரண்டாவது மஸ்கெக்கை வடிப்பது. மஸ்கெக் என்பது வடநிலத்தின் பாசிச் சதுப்பு. மட்க முடியாமல் நீரில் ஊறிக் கிடக்கும் பாசி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் ஏறிக்கொண்டே போகும். இரண்டு மீட்டர் தடிமனுக்கு இரண்டாயிரம் ஆண்டுக் கார்பன். அதை வாய்க்கால் வெட்டி வடித்து, சுரண்டிக் குவித்து, அதன்கீழுள்ள மேல்மண்ணையும் நீக்கினால் எண்ணெய் மணல் தெரியும். ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டு டன் மணல். 400 டன் சுமக்கும் லாரிகள் இரவு பகலாக அதை நொறுக்கிக்குக் கொண்டுபோகும். அங்கே வெந்நீரும் எரிசோடாவும் சேர்த்துக் குழாயில் ஓட்டினால் பிட்டுமன் நுரையாய் மேலே மிதக்கும். நுரையை நாஃப்தா போன்ற கரைப்பானால் இளக்கித் தெளிவாக்கி, மேம்படுத்தும் ஆலைக்கு அனுப்புவார்கள். அங்கே மிஞ்சும் கந்தகமும் கற்கரியும் மலைமலையாய்க் குவிகின்றன. அந்தக் கரித்தூள் காற்றில் பறந்து மஸ்கெக்மேல் படிவதும் பிற்பாடு தெரியவந்தது.

வெட்டிய நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். எதைத் திருப்பித் தருவது என்பதில்தான் சூட்சுமம். சட்டம் கேட்பது பழைய நிலத்துக்கு நிகரான திறன் கொண்ட நிலத்தை. பழைய நிலத்தையே கேட்கவில்லை. ஆகவே மஸ்கெக் இருந்த இடத்தில் மேட்டுக்காடும் எண்ணெய்க் குழியில் ஏரியும் வரும். ரூனி, பெய்லி, ஷிண்ட்லர் மூவரும் நிறுவனங்களின் சீரமைப்புத் திட்டங்களையே எடுத்துக் கூட்டிப் பார்த்து 2012இல் எழுதினார்கள்: அதுவரை அனுமதிக்கப்பட்ட சுரங்கங்களால் மட்டும் 29,500 ஹெக்டேருக்கு மேல் சதுப்பு மீளாமல் போகும், 1.1 கோடி முதல் 4.7 கோடி டன் வரை சேமிப்புக் கார்பன் வெளியேறும். இரகசிய ஆவணம் எதையும் அவர்கள் தேடிப் போகவில்லை. தனித்தனித் திட்டங்களில் சிதறிக் கிடந்த எண்களை யாரும் அதுவரை ஒரே தாளில் கூட்டியிருக்கவில்லை, அவ்வளவே.

சதுப்பைச் செயற்கையாக உருவாக்கும் முயற்சி நடக்காமல் இல்லை. சின்க்ரூட்டின் சாண்ட்ஹில் சதுப்பு, சன்கோரின் நிகனோட்டி சதுப்பு இரண்டும் 2010களின் தொடக்கத்தில் உருவாயின. பல்கலைக்கழகங்கள் அங்கே நேர்மையாக உழைக்கின்றன, பாசியும் கோரையும் பிடித்திருக்கின்றன. ஆனால் அவை ஹெக்டேர் கணக்கில் உள்ள சோதனைத் துண்டுகள். தோண்டப்பட்டதோ சுமார் 1,000 சதுர கிலோமீட்டர். மாகாண அரசின் முதல் சீரமைப்புச் சான்றிதழ் 2008இல், சுரங்கம் தொடங்கி 41 ஆண்டுகளுக்குப் பின், கேட்வே ஹில் என்ற 104 ஹெக்டேர் மேட்டுக்குக் கிடைத்தது. அது வெறும் மேல்மண் கொட்டிய இடம், கழிவுக்குட்டை அல்ல.

கழிவுக்குட்டைக்கு வருவோம். எண்ணெய் மணலின் கடினமான பிரச்சினை அதுதான்.

பிட்டுமன் பிரிந்தபின் மிஞ்சும் நீரில் மணல், களிமண், கொஞ்சம் பிட்டுமன், கரைப்பான், உப்பு எல்லாம் இருக்கும். மணல் உடனே அடியில் படிந்துவிடும். களிமண் படியாது. மிக நுண்ணிய அதன் தகடுகள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நீரில் தொங்கிக்கொண்டே இருக்கும். எரிசோடா சேர்த்தது அதை இன்னும் கெடுக்கும். சில ஆண்டுகளில் தயிர்ப் பதத்துக்கு, அதாவது எடையில் மூன்றில் ஒரு பங்கு திடப்பொருள் என்ற அளவுக்கு வரும். அதன்பின் அசையாது. தானே இறுக விட்டால் பல பத்தாண்டுகள், ஒருவேளை நூற்றாண்டுகளும் ஆகலாம். இந்தக் குழம்பும் அதன்மேல் நிற்கும் நீருமாக இப்போது தேங்கியிருப்பது ஏறத்தாழ 1.4 லட்சம் கோடி லிட்டர். நமக்குப் பழகிய அளவில் சொன்னால் 49 டி.எம்.சி.; மேட்டூர் அணை நிரம்பினால் பிடிப்பதில் பாதிக்கு மேல். அதைத் தாங்கி நிற்பவை மணலும் மேல்மண்ணும் கொட்டிக் கட்டிய கரைகள். மில்ட்ரெட் ஏரிக் கழிவுக்குட்டையின் கரை, கொட்டப்பட்ட மண்ணின் கன அளவில், உலகின் மிகப் பெரிய அணைகளில் ஒன்று. பல குட்டைகள் ஆற்றுக்கு மிக அருகில் இருக்கின்றன.

அந்த நீரில் மீன்களுக்கு உடனடி நஞ்சு நாஃப்தெனிக் அமிலங்கள். பிட்டுமனில் இயற்கையாகவே உள்ளவை அவை. காரநீரில் கழுவும்போது கரைந்து வருகின்றன, அதே நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் செறிவு ஏறுகிறது. நீர் மறுசுழற்சி என்று நிறுவனங்கள் பெருமையாகச் சொல்வதன் மறுபக்கம் இது. மறுசுழற்சி தேவைதான், இல்லாவிட்டால் ஆற்றிலிருந்து இன்னும் பல மடங்கு எடுக்க வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் ஆறு மெலிந்து ஓடும்போது எடுக்கிற ஒவ்வொரு துளியும் டெல்டாவுக்கு இழப்பு. ஆனாலும் எடுத்த நீர் ஆற்றுக்குத் திரும்புவதில்லை. குட்டைக்குள் நுண்ணுயிர்கள் நாஃப்தாவைத் தின்று மீத்தேன் உமிழ்கின்றன. குளிர்காலத்திலும் வெதுவெதுப்பாய் உறையாமல் கிடக்கும் நீர், வலசை வரும் பறவைகளுக்கு இறங்குமிடமாகத் தெரிகிறது.

2008 ஏப்ரலில் சின்க்ரூட்டின் அரோரா குட்டையில் ஒரு வாத்துக்கூட்டம் இறங்கியது. பறவைகளை விரட்டும் வெடிக்கருவிகள் அப்போது இயங்கவில்லை. முதலில் சொல்லப்பட்ட சாவு எண்ணிக்கை 500. ஏறக்குறைய ஓராண்டு கழித்துத்தான் உண்மையான எண் வந்தது: 1,606. 2010 அக்டோபரில் நீதிமன்றம் சுமார் 30 லட்சம் டாலர் தண்டம் விதித்தது. அடுத்த சில நாட்களிலேயே உறைமழையில் சிக்கிய வேறு நூற்றுக்கணக்கான வாத்துகள் குட்டைகளில் இறங்கி மாண்டன. அதற்கு வழக்கு இல்லை.

வாத்துகளுக்காக உலகமே பரிதாபப்பட்டது. கசிவு அப்படிப் படம் பிடிக்கக் கிடைப்பதல்ல. மணற்கரை கசியும் என்பது கட்டியவர்களுக்கே தெரியும். கரையைச் சுற்றி வாய்க்காலும் கிணறும் வைத்துக் கசிவைப் பிடித்துத் திருப்பி இறைக்கிறார்கள். பிடிபடாமல் போவது எவ்வளவு? இதில் இயற்கையே ஒரு குழப்பத்தையும் வைத்திருக்கிறது. அதபாஸ்கா ஆறு எண்ணெய் மணல் படுகையை அறுத்துக்கொண்டுதான் ஓடுகிறது. ஆலை வருவதற்கு முன்பும் கரையிலிருந்து தார் வடிந்துகொண்டுதான் இருந்தது. ஆற்றில் எது கிடைத்தாலும் இயற்கை என்று சொல்லிவிட முடிந்தது. சூழலியலாளர்கள் இந்த வாதத்தை ஏளனம் செய்வது சரியல்ல. அதில் உண்மை இருக்கிறது, அதைத் தரவால்தான் எதிர்கொள்ள வேண்டும்.

அப்படித்தான் எதிர்கொள்ளப்பட்டது. ஆற்றோடு தொடர்பில்லாத ஏரிகளின் அடிச்சேற்றைத் துளைத்தெடுத்து அடுக்குகளுக்குக் காலம் கணித்தார்கள் ஜோஷுவா குரெக்கும் உடன் ஆய்வாளர்களும். 2013இல் வெளியான முடிவு: 1960களுக்கு முன்பு தாழ்வாக, சீராக இருந்த பல்வளைய அரோமேட்டிக் சேர்மங்கள், ஆலைகள் வந்தபின் ஏறத் தொடங்கின, 1960 அளவோடு ஒப்பிட 2.5 முதல் 23 மடங்கு வரை. ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நமூர் ஏரியிலும் ஏற்றம் தெரிந்தது. நிலத்தடி நீர் பற்றியும் கனடிய அரசின் ஆய்வாளர்களே இயற்கைப் பிட்டுமனின் சாயலையும் குட்டை நீரின் சாயலையும் வேதியியல்ரீதியில் பிரித்தறியும் முறைகளை 2014இல் வெளியிட்டார்கள். வட அமெரிக்கச் சுற்றுச்சூழல் ஒத்துழைப்பு ஆணையம் 2020இல் இவற்றையெல்லாம் தொகுத்து, குட்டை நீர் நிலத்தடியில் கசிகிறது என்பதற்கு அறிவியல் சான்று உண்டு என்றது.

குட்டைகளைக் குறைக்க அரசு முயன்றதும் உண்டு. 2009இல் 074ஆம் எண் ஆணை வந்தது: நுண்களிமண்ணில் ஒரு பங்கைக் குறித்த காலத்துக்குள் கெட்டிப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் நடவடிக்கை. நிறுவனங்களால் இலக்கை எட்ட முடியவில்லை. நடவடிக்கையும் வரவில்லை. 2015இல் ஆணையே நிறுத்தப்பட்டு, நெகிழ்வான புதிய சட்டகம் வந்தது. இலக்கு எட்டப்படாதபோது இலக்கை மாற்றும் வழக்கம் எண்ணெய்த் தொழிலுக்கு மட்டும் உரியதல்ல. ஆயினும் இங்கே காவல்காரரின் நிலையையும் சொல்ல வேண்டும். ஆல்பர்ட்டா எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் அமைக்கப்பட்டது. அதன் செலவு முழுவதும் தொழில்துறை கட்டும் தீர்வையிலிருந்து வருகிறது. அதன் முதல் தலைவர், கனடிய பெட்ரோலிய உற்பத்தியாளர் சங்கம் நிறுவப்பட்ட காலத்தில் அதைத் தலைமையேற்று நடத்தியவர். சட்டப்படி தவறில்லை.

2022 மே மாதம் இம்பீரியல் ஆயிலின் கேர்ல் சுரங்கத்தில் நிறம் மாறிய நீர் கசிவது தெரிந்தது. ஆணையத்துக்குச் சொல்லப்பட்டது. கீழ்நீரோட்டத்தில் ஃபோர்ட் சிப்பவையனில் வாழும் அதபாஸ்கா சிப்பவையன், மிக்கிசு கிரீ மக்களுக்கு அது குட்டையின் கசிவு என்று யாரும் விளக்கிச் சொல்லவில்லை. அந்தக் காலம் முழுவதும் அவர்கள் அந்த வட்டாரத்தில் வேட்டையாடினார்கள், உண்டார்கள். 2023 ஜனவரி இறுதியில் அதே சுரங்கத்தின் வேறொரு குளம் வழிந்து 53 லட்சம் லிட்டர் கழிவுநீர் வெளியேறியது. பிப்ரவரியில் ஆணையம் பாதுகாப்பு உத்தரவு போட்டபோதுதான் முதல் கசிவும் ஊருக்கு முழுதாகத் தெரிந்தது. ஒன்பது மாதம். அதபாஸ்கா சிப்பவையன் தலைவர் ஆலன் ஆடம் ஒட்டாவாவில் நாடாளுமன்றக் குழுவின் முன் சென்று கொதித்தார். நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் அமைச்சகமும் தனக்குத் தெரியாது என்றது. வழிந்த நீருக்காக ஆணையம் 2024 ஆகஸ்டில் விதித்த தண்டம் 50,000 டாலர்.

காற்றின் கணக்கு இன்னும் வியப்பானது, ஏனென்றால் அங்கே அளந்தது போராளிகள் இல்லை, கனடிய அரசின் விஞ்ஞானிகள். ஜான் லிகியோவும் சகாக்களும் கருவிகள் ஏற்றிய விமானத்தில் சுரங்கங்களைச் சுற்றிச் சுற்றிப் பறந்தார்கள். 2016இல் நேச்சர் இதழில் வந்த முடிவு: ஆலைகளின் ஆவிகள் காற்றில் வேதிமாற்றம் அடைந்து உருவாகும் நுண்துகள் நாளொன்றுக்கு 45 முதல் 84 டன், ஒரு பெருநகரம் உண்டாக்கும் அளவு. 2019இல் கார்பன் டை ஆக்சைடு: திறந்த சுரங்கங்களின் உமிழ்வு, அறிவிக்கப்பட்டதைவிட 64 விழுக்காடு கூடுதலாக இருக்கலாம். 2024இல் சயன்ஸ் இதழில் வந்தது எல்லாவற்றையும் விஞ்சியது. காற்றிலுள்ள கரிமச் சேர்மங்களில் குறிப்பிட்ட சில வகைகளை மட்டும் அறிக்கையில் எழுதினால் போதும் என்பது நடைமுறை. ஆய்வாளர்கள் வாயு வடிவிலிருந்த கரிமக் கார்பன் மொத்தத்தையும் அளந்தார்கள். அது அறிவிக்கப்பட்ட எண்ணைவிட 20 முதல் 64 மடங்கு வரை இருந்தது. கனடாவின் மற்றெல்லா மனித மூலங்களும் சேர்ந்து வெளியிடுவதற்கு ஏறத்தாழ இணை. நிறுவனங்கள் விதியை மீறிப் பொய் எழுதவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விதி கேட்டதை எழுதினார்கள். விதி சிறியதாக இருந்தது.

சுரங்கப் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஆழ்நிலப் பிரித்தெடுப்பு தூய்மையாகத் தோன்றும். குழி இல்லை, குட்டை இல்லை. கிடைமட்டமாக இரண்டு குழாய்க் கிணறுகள். மேலதில் 200 டிகிரிக்கு மேல் சூடான நீராவி, கீழதில் இளகி வடியும் பிட்டுமன். எடுக்கத்தக்க இருப்பில் ஐந்தில் நான்கு பங்கு இந்த வழியில்தான் வரும், ஆகவே எதிர்காலம் இதுவே. விலை வேறு இடத்தில் கட்டப்படுகிறது. ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சுமார் மூன்று பீப்பாய் நீரை ஆவியாக்க வேண்டும், அதற்கு இயற்கை எரிவாயுவை எரிக்க வேண்டும். பசுங்குடில் வாயு வெளியீடு பீப்பாய்க்குச் சுரங்கத்தைவிடக் கூடுதலாகவே போகிறது. காடு வெட்டுப்படுவதில்லை, ஆனால் கீறப்படுகிறது: நிலநடுக்க அலை ஆய்வுக்கான நேர்கோட்டுப் பாதைகள், குழாய்ப்பாதைகள், சாலைகள். ஓநாய்கள் அந்தக் கோடுகளில் விரைந்து ஓடக் கற்றுக்கொண்டன. சதுப்புக்குள் ஒதுங்கித் தப்பித்துவந்த காட்டுக் காரிபூ மான்களுக்கு ஒதுங்க இடம் இல்லாமல் போயிற்று. வாழிடத்தில் குறைந்தது 65 விழுக்காடு சிதையாமல் இருந்தால்தான் ஒரு மந்தை தன்னைத் தாங்கிக்கொள்ள ஓரளவு வாய்ப்பு என்று 2012இல் கூட்டாட்சி அரசின் மீட்புத் திட்டம் வரையறுத்தது. ஆல்பர்ட்டாவின் பெரும்பாலான மந்தைகளின் நிலம் அதற்குக் கீழே போய்விட்டது. பாறையும் எப்போதும் கட்டுக்குள் நிற்பதில்லை. 2013இல் பிரிம்ரோஸ் வட்டாரத்தில் நீராவி அழுத்தத்தால் பிட்டுமன் தரைப்பிளவுகள் வழியே மாதக்கணக்கில் பொங்கி வந்தது. நிறுத்துவதற்கு ஒரு வால்வு எங்கும் இல்லை.

கார்பன் பற்றிய வாதத்தில் இரண்டு தரப்பும் உண்மையான எண்களையே சொல்கின்றன. ஒரு பீப்பாய்க்கான உமிழ்வு குறைந்திருக்கிறது என்கிறார்கள் நிறுவனத்தார், குறைந்திருக்கிறது. மொத்த உமிழ்வு 1990இல் ஏறத்தாழ 1.5 கோடி டன், இப்போது 8 கோடிக்கு மேல் என்கிறார்கள் எதிர்ப்போர், அதுவும் சரி. கனடாவின் மொத்த உமிழ்வில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு தொழிலிலிருந்து வருகிறது. வளிமண்டலம் விகிதத்தைப் பார்ப்பதில்லை, மொத்தத்தைத்தான் பார்க்கிறது. ஆகவே இந்த வழக்கில் நான் இரண்டாவது தரப்போடு இருக்கிறேன்.

எண்ணெய் கிணற்றைவிட்டுக் கிளம்பியபின்னும் அதன் குணம் போவதில்லை. குழாயில் ஓட வேண்டுமானால் பிட்டுமனை லேசான கரைப்பானால் இளக்க வேண்டும். 2010 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகனில் என்பிரிட்ஜ் குழாய் வெடித்துச் சுமார் 20,000 பீப்பாய் கலாமசூ ஆற்றில் கொட்டியபோது, கரைப்பான் ஆவியாகிப் போயிற்று, கனத்த பிட்டுமன் ஆற்றின் அடியில் உட்கார்ந்தது. மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கும் கருவிகள் பயன்படவில்லை. தூர்வாரும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது, செலவு நூறு கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது. பசிபிக் கரைவரை விரிவாக்கப்பட்ட டிரான்ஸ் மவுன்டன் குழாய் 2024 மே மாதம் திறந்தபின் இந்த எண்ணெய் ஆசியாவுக்கு நேரடியாகக் கப்பலேறுகிறது. அந்த ஆண்டே ரிலையன்ஸ் நிறுவனமும் வாங்கியது. ஆக, அதபாஸ்காவின் மணல் இப்போது இந்தியாவின் கணக்கிலும் சிறு வரியாக ஏறிவிட்டது.

பூர்வகுடிகளை வெறும் பலியாட்களாகக் காட்டும் எழுத்து அவர்களுக்கு நியாயம் செய்வதில்லை. சுரங்கங்களால் சூழப்பட்ட ஃபோர்ட் மெக்கே சமூகம், விலங்குத்தோல் சந்தை சரிந்தபின் தொழில்துறையோடு ஒப்பந்தம் செய்து சொந்த நிறுவனங்களை வளர்த்தது. 2017இல் மிக்கிசு கிரீயோடு சேர்ந்து சன்கோரின் எண்ணெய்த் தொட்டிப் பண்ணையில் 49 விழுக்காட்டை ஏறத்தாழ 50 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஃபோர்ட் மெக்கே, தன் கடைசி வேட்டைக்காடான மூஸ் ஏரிக்கு அருகில் வரவிருந்த திட்டத்தை எதிர்த்து வழக்காடி, 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அனுமதியை ரத்துசெய்ய வைத்தது. அதே மிக்கிசு கிரீதான் வுட் பஃபலோ பூங்கா அபாயத்தில் இருப்பதாக 2014இல் யுனெஸ்கோவிடம் மனுக் கொடுத்தது. பீஸ் ஆற்றின் குறுக்கே 1968இல் முடிந்த பென்னெட் அணையும் டெல்டாவை வற்றச் செய்திருக்கிறது, பழி எண்ணெய்க்கு மட்டும் இல்லை. பிள்ளைகளுக்கு வேலையும் வேண்டும், ஆற்று மீனும் வேண்டும் என்று நினைப்பதில் முரண் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆற்று மீனைத் தின்னலாமா என்பதற்குத்தான் இன்னும் நேரான பதில் இல்லை. ஃபோர்ட் சிப்பவையனுக்குப் போய்வந்துகொண்டிருந்த மருத்துவர் ஜான் ஓ'கானர், மிக அரிதான பித்தநாளப் புற்றுநோய் ஆயிரம் பேர் அளவிலான அந்தச் சிற்றூரில் வழக்கத்துக்கு மாறாகத் தென்படுவதாக 2006இல் வெளியே சொன்னார். அவருடைய தந்தையே அந்நோயில் இறந்தவர். அரசு மருத்துவர்கள் அவர்மீதே புகார் கொடுத்தார்கள்: தேவையில்லாத பீதியைக் கிளப்பினார் என்று. விசாரணை முடிந்து விடுபட அவருக்கு 2009 ஆயிற்று. அந்த ஆண்டே மாகாணப் புற்றுநோய் வாரியத்தின் ஆய்வு வந்தது: 1995 முதல் 2006 வரை எதிர்பார்க்கத்தக்கது 39, கண்டறியப்பட்டது 51. பித்தநாளப் புற்றுநோயில் அவர் சந்தேகித்த எண்ணிக்கை உறுதிப்படவில்லை. கனடிய ராயல் சொசைட்டி 2010இல், எண்ணெய் மணலால் புற்றுநோய் கூடியது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றது. 2014இல் மாகாணம் மறுபடி எண்ணியபோது மொத்தம் இயல்பு, ஆனால் பித்தநாளம், கருப்பைவாய், நுரையீரல் ஆகிய மூன்றில் கூடுதல் என்று வந்தது. ஆயிரம் பேர் கொண்ட ஊரில் ஒன்றிரண்டு நோயாளிகள் கூடினாலே விகிதம் எகிறிவிடும். எவ்வளவு நல்ல புள்ளியியலும் இங்கே தடுமாறும். அதனால்தான் யார் என்ன தின்றார், எந்த நீரைக் குடித்தார், உடலில் என்ன சேர்ந்தது என்று நீண்டகாலம் பின்தொடரும் ஆய்வு வேண்டுமென ஊர்மக்கள் கேட்டுவந்தார்கள். 2024 ஆகஸ்டில் கூட்டாட்சி அரசு பத்தாண்டு ஆய்வுக்கு 1.2 கோடி டாலர் ஒதுக்கியது. மருத்துவர் முதலில் பேசி 18 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பணக்கணக்கு மிச்சம். சுரங்கம் மூடும்போது நிலத்தைச் சீராக்க நிறுவனங்கள் முன்பணம் கட்ட வேண்டும். ஆனால் இருப்பு இன்னும் பதினைந்து ஆண்டுக்குக் குறையாமல் இருக்கிறவரை, மண்ணுக்கடியில் உள்ள எண்ணெயே ஈடாகக் கொள்ளப்படுகிறது. இந்த ஏற்பாட்டில் அபாயம் இருக்கிறது என்று மாகாணத் தலைமைத் தணிக்கையாளர் 2015இல் எச்சரித்தார். எல்லாச் சுரங்கங்களுக்குமாகக் கையிலிருந்த ஈட்டுத்தொகை 2018இல் சுமார் 94 கோடி டாலர். அதே ஆண்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உயரதிகாரி ஒருவர் ஒரு கூட்டத்தில் காட்டிய ஒரு படவரைவு பத்திரிகையாளர்களின் கைக்கு வந்தது. ஆல்பர்ட்டாவின் எண்ணெய், எரிவாயுத் தொழில் முழுவதையும் துப்புரவாக்க ஆகக்கூடிய செலவு அதில் 26,000 கோடி டாலர் என்றிருந்தது. ஆணையம் அதுவரை வெளியில் சொல்லிவந்த எண் 5,800 கோடி. மிக மோசமான கற்பனை நிலைக்கான எண் அது என்று ஆணையம் விளக்கம் தந்து, மன்னிப்பும் கேட்டது.

1967இல் தொடங்கிய முதல் சுரங்கத்தின் முதல் குட்டையை சன்கோர் 2010இல் மூடி, மரம் நட்டு, பழைய கிரீ வணிகரின் நினைவாக வாபிசு லுக்அவுட் என்று பெயரிட்டது. அதிலிருந்த படியாத களிமண் குழம்பை முன்கூட்டியே இறைத்து வேறு குட்டைக்கு மாற்றியிருந்தார்கள்.